வாத்தியார் டேமில் ஏழு அங்குலம்

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் வந்து எங்கள் தோட்டத்துக்கு வழி கேட்டால் யாரும் வீட்டுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வாத்தியார் டேம் தாண்டி இறங்குங்க" என்பார்கள். வாத்தியார் என் அப்பா. டேம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஓடும் ஓடையை மறித்துப் போட்ட மண்கரைதான் அது. நீளம் 140 அடி. நடுவில் உயரம் 22 அடி. நிரம்பினால் ஓர் ஏக்கருக்குத் தண்ணீர் விரிந்து நிற்கும். 1987இல் வைப்பு நிதியில் கடன் எடுத்து, மட்டக்குதிரை முதுகில் மண் சுமக்கவிட்டு, இரண்டு கோடையில் கட்டி முடித்தார். வரைபடம் எதுவும் கிடையாது. அவர் கணக்கு வாத்தியார், எல்லாம் மனக்கணக்காகவே இருந்திருக்கும்.

ஓடையை மறிக்க அவருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள், ஓடை பட்டாவில் வருகிறதா புறம்போக்கா என்பதெல்லாம் தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்பா 2014இல் போனார். அதற்குப் பிறகு டேம் என் தலையில் விழுந்தது. நான் வத்தலக்குண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், டிடிபி வேலையும் உண்டு. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி மேலே போனால் ஞாயிறு சாயங்காலம் இறங்கிவிடுவேன். மற்ற நாட்களில் தோட்டம் அம்மாவிடமும், அப்பா காலத்திலிருந்தே இருக்கும் காவல்காரத் தாத்தாவிடமும். டேமைப் பற்றி எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: ஏப்ரல் வரை தண்ணீர் நிற்குமா? காபி பூக்கும் சமயத்தில் மழை ஏமாற்றினால் தெளிப்பானுக்கு விட அது வேண்டும். அது உடையக்கூடும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. முப்பது வருடமாக நிற்கிறதே, அப்புறம் என்ன?

2017இல் எனக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா கிடக்கிற தண்ணீர்தானே, மீன் விட்டால் என்ன? கெண்டைக் குஞ்சு 300 வாங்கிவந்து விட்டேன். முதல் மழைக்கே கலங்கல் வழியாகப் பாதிக் குஞ்சு ஓடைக்குப் போய்விட்டது. கலங்கல் என்றால் குளம் நிரம்பியபின் உபரித் தண்ணீர் தானாக வெளியே போவதற்கு விடும் வழி. எங்களுடையது கரையின் இடது கோடியில், 6 அடி அகலத்தில், கரை மட்டத்துக்கு 2 அடி கீழே இருந்தது. அடுத்த வருடம் புதுக் குஞ்சு விட்டதும் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, நைலான் வலையைக் குறுக்கே இழுத்துக் கட்டினேன். நானே கட்டினேன். முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்று பெருமைப்பட்டது கூட நினைவிருக்கிறது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் வழியாக எங்கள் மலை மேல் வந்து விழுந்தது. காபிப் பழம் எடுப்பதற்காக அந்த வாரம் நான் மேலேதான் இருந்தேன். சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. மழை கொஞ்சம் தணிந்தபோது தாத்தா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, "பாப்பா, டேமு ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தால் கலங்கலில் வலையைக் காணோம். அந்த இடத்தில் இலையும் சருகும் கிளையும் சேர்ந்து ஒரு சுவர் நின்றது. சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும் இல்லையா, அந்த வெள்ளை மொத்தமும் வலையில் அப்பி, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. சுவருக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் வழிந்தது. மீதி எல்லாம் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்தில் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்கும் கரை மட்டத்துக்கும் நடுவே ஒரு சாண்.

தாத்தா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து அரிவாளால் வலையை அறுத்தார். கயிற்றின் மறுமுனையைக் கொய்யா மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மூன்றாவது வெட்டில் கம்போடு சேர்த்து எல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. அந்த இரைச்சலை என்னவென்று எழுதுவது! அரை மணி நேரத்தில் இன்னொரு சாண் இறங்கியது. "ஒரு சாண் இருந்துச்சு, தப்பிச்சோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காபி குடித்தேன். மீன் எல்லாம் போச்சே என்றுதான் அம்மா வருத்தப்பட்டார்.

தப்பித்தோம் என்ற நினைப்பு மூன்று மாதம் நீடித்தது.

என் கடைக்குப் பென்ஷன் காகிதங்கள் ஜெராக்ஸ் எடுக்க ஒரு சார் வருவார். பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் ஏரி, கண்மாய் என்று கரையிலேயே நடந்தவர். பேச்சுவாக்கில் இந்தக் கதையை வீரப்பிரதாபமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கரையில புல்லு இருக்கா, செடி இருக்கா?" என்று கேட்டார். முழங்கால் உயரத்துக்குப் புல், உண்ணிச்செடி, நடுவில் அப்பா நட்ட பலா என்றேன். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள புல்லை அறுத்து வைம்மா. மூடி வச்ச புண்ணை எப்படிப் பாக்கறது?" என்றார்.

வந்தவர் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கரையின் வெளிப்பக்கம் அடிக்கு இறங்கினார், செருப்பைக் கழற்றினார், ஒரு மூங்கில் குச்சியோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். ஈரம் எங்கே என்று கண்ணைவிடக் காலுக்குத்தான் முதலில் தெரியுமாம். முள்ளம்பன்றி தோண்டிய வளை இரண்டு. நண்டு வளைகள் எண்ணவில்லை. காட்டுமாடு தண்ணீர் குடிக்க இறங்கி இறங்கி உள்சரிவில் ஒரு பாதையே போட்டிருந்தது. எல்லாவற்றையும் பழைய டைரி ஒன்றில் எழுதிக்கொண்டே வந்தவர், குழாய் இருந்த இடத்தில் நின்றுவிட்டார்.

அப்பா கரைக்கு அடியில் 4 அங்குல இரும்புக் குழாய் ஒன்று பதித்து, வெளிப்பக்கத்தில் வால்வு வைத்திருந்தார். பாசனத்துக்கு அதுதான். அதைச் சுற்றி எப்போதும் நசநசவென்று இருக்கும். 2016இல் கொத்தனாரை வைத்து அங்கே சிமென்ட் பூசினேன். சார் அந்தப் பூச்சைக் குச்சியால் தட்டினார். டப் டப் என்று வெற்றுச் சத்தம். பூச்சின் ஓரத்தில் விரல் பருமனுக்கு ஓர் ஊற்று வந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் கொண்டுவரச் சொன்னார். அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஆட்டாமல் திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த இட்லியைச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து டம்ளரை வெயிலில் தூக்கிக் காட்டினார். பார்க்கத் தெளிவான தண்ணீர்தான். அடியில் மட்டும் நூல் பருமனுக்குச் செம்மண் படிந்திருந்தது.

"மண்ணுல கரை போட்டா கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிஞ்சு வந்தா ராத்திரி தூங்கலாம். மண்ணோட வந்தா தூங்கக் கூடாது. இந்த டம்ளர்ல இருக்கறது என்ன தெரியுதா? உங்க அப்பா போட்ட கரை. டம்ளர் டம்ளரா வெளிய போய்க்கிட்டிருக்கு."

அப்புறம் விளக்கினார். குழாயும் மண்ணும் ஒட்டுகிற இடம் எப்போதும் பலவீனம்தான். குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணை யாராலும் சரியாக இடித்து இறுக்க முடியாது. தண்ணீர் அந்தச் சந்தைப் பிடித்துக்கொண்டு வரும், வருகிற வழியில் வெளிமுனையில் கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொண்டு போகும். அப்படியே பொந்து வெளியிலிருந்து உள்ளே, தண்ணீர் இருக்கும் பக்கமாக வளரும். வளர்வது வருடக்கணக்கில் தெரியாது, குளத்தைத் தொட்டபின் சில மணி நேரம்தான். நான் பூசிய சிமென்ட் அதைத் தடுக்கவில்லை, என் கண்ணிலிருந்து மறைத்தது. களிமண் வைத்து அப்புவதும் அதே தப்புதானாம். தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு முதலில் ஆற்று மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று பரப்பி மூட வேண்டும். டிகாஷன் இறக்குகிற மாதிரிதான்.

இதற்குள் தாத்தாவும் நானும் கரை மேல் டியூப் மட்டம் பிடிக்க ஆரம்பித்திருந்தோம். கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே ரப்பர் டியூப், உள்ளே தண்ணீர். பத்தடிக்கு ஒரு முளை அடித்து, சார் கரிக்கட்டையால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். இடது கோடி, கலங்கல் ஓரம்: பூஜ்யம். அங்கேதான் புயலன்று நான் சாண் வைத்துப் பார்த்தது. பிறகு ஓர் அங்குலம் கீழே, இரண்டரை, நாலு. பலாவைத் தாண்டி நட்டநடுவில் 7 அங்குலம் கீழே. அதற்குப் பிறகு மறுபடி ஏற்றம்.

முப்பது வருடத்தில் மண் அமுங்கியிருக்கிறது. மாடும் மனிதரும் நடந்து நடுவில் இன்னும் தேய்ந்திருக்கிறது. புல் மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சாண் என்றால் 9 அங்குலம். அதில் 7 போனால் 2. கஜா அன்று நான் இடது கோடியில் ஒரு சாண் பார்த்து நின்றபோது, அறுபது எழுபது அடி தள்ளி நடுக்கரையில் இருந்தது 2 அங்குலம். காற்றில் அலை அடித்துக்கொண்டிருந்தது வேறு. மண்கரை மேல் தண்ணீர் ஏறி வெளிச்சரிவில் வழிய ஆரம்பித்தால் அரித்து வாய்க்கால் எடுத்துவிடும். அதற்கப்புறம் அரிவாளும் கயிறும் ஒன்றும் செய்திருக்காது.

சார் டைரியில் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். நீர்ப்பரப்பு ஓர் ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. ஆழம் 18 அடி. இந்த மாதிரி மலைக் குளத்துக்குப் பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி அதில் பத்தில் நாலு பங்கு எடுத்தால் கொள்ளளவு ஏறக்குறைய வரும். 88 லட்சம் லிட்டருக்கு மேல். எனக்கு லட்சம் லிட்டர் மனசில் ஏறாது என்று, 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் சொன்னார்: 740 லாரி. "இத்தனை லாரியும் ஒரே நேரத்துல பிரேக் இல்லாம இந்தப் பள்ளத்துல இறங்கினா கீழ யாரு இருக்காங்க?" என்றார்.

அன்று சாயங்காலம் ஓடை வழியே கீழே நடந்தேன். அதுவரை ஒரு தடவைகூட அந்தக் கண்ணோடு நடந்ததில்லை. ஒன்றரை கிலோமீட்டரில் தார்ச்சாலைப் பாலம். அதற்கு முன்னால் ஓடையை ஒட்டியே 14 வீடு. எங்கள் தோட்டத்தில் பழம் எடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் ஓடைக்கும் தொட்டிலுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. என்னம்மா இந்தப் பக்கம், காபி குடிக்கிறியா என்றார்கள். வலை கட்டிய கையில் அந்த டம்ளரை வாங்கினேன்.

மீனுக்காகக் கலங்கலை மறித்த முதல் ஆள் நானில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை. கால்வாய்க்காக அரசு கட்டியது, கைமாறிக் கைமாறிப் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. இரும்பாலை முதலாளி கார்னகிகூட அதில் உறுப்பினர். கிளப்புக்கு முன்பு வைத்திருந்தவர் அடியிலிருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கிளப்காரர்கள் வண்டி போவதற்காகக் கரை உயரத்தைக் குறைத்தார்கள், மீன் போகாமலிருக்கக் கலங்கலில் கம்பி வலை வைத்தார்கள். கரையின் நடுப்பகுதியும் தாழ்ந்திருந்தது. 1889 மே 31 அன்று பெருமழையில் வலையைக் குப்பை அடைத்தது, கரை மேல் தண்ணீர் ஏறி அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் ஊரில் செத்தவர்கள் 2,209 பேர். அதைக் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. ஹவாயில் காவாய் தீவின் கலோகோ அணை, 2006 மார்ச் 14. தனியார் மண் அணை, ஏழு பேர் பலி. அங்கே கலங்கலையே மண் போட்டு மூடியிருந்தார்கள் என்று விசாரணையில் சொன்னார்கள். கென்யாவில் சோலாய் என்ற ஊருக்கு மேலே பண்ணை ஒன்றின் அணை 2018 மே 9 இரவு உடைந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். கஜாவுக்கு ஆறு மாதம் முன்னால்.

நம் ஊரில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று விசாரித்தேன். 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு அது பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகள் உண்டு. எங்களுடையது 7 மீட்டர்கூட இல்லை. ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, "உங்க டேம்தானே மேடம், நீங்களே பாத்துக்கங்க" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆயிரத்து நூறு வருடம் முன்பு உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஆள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். வாத்தியார் டேமின் ஏரி வாரியப் பெருமக்கள் நானும் தாத்தாவும்தான் என்று ஆனது.

வேலையை 2019 கோடையில் செய்தோம். தண்ணீரை இறக்குவதற்கே சார் தவணை வைத்தார், ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் கூடாது. சட்டென்று வற்றவிட்டால் உள்சரிவில் ஊறிய மண்ணுக்குத் தாங்கிப்பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் சரிந்துவிடும். குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே சிமென்ட் பாலை நிரப்பினோம். வெளிப்பக்கம் மணல், ஜல்லி. இப்போது பாசனத்துக்குக் கரை மேல் ஹோஸ் போட்டு சைபன் முறையில் எடுக்கிறோம். அவசரத்துக்கு மட்டத்தைக் குறைக்கவும் அதுதான். அதற்கென்று இன்னும் இரண்டு ஹோஸ் சுருட்டித் தயாராகத் தொங்குகிறது. "மனுஷன் மாதிரிதாம்மா, உள்ள போக வழி இருந்தா வெளிய போகவும் வழி வேணும்" என்பார் சார்.

கரையை உயர்த்தக் கொண்டுவந்த மண்ணை அவர் ஒவ்வொரு நடைக்கும் கையில் பிடித்துப் பார்த்தார். கொழுக்கட்டை மாதிரி பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார். தூளாகச் சிதறினால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சப்பையாக அப்பினால் காய வேண்டும். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. அரை அடி கனத்துக்கு ஒரு படுகை, குட்டி ரோலர் ஓட்டி இறுக்கி, மேலே கொத்திவிட்டு அடுத்த படுகை. நடுவில் மட்டும் 3 அங்குலம் கூடுதலாக விடச் சொன்னார், இனிமேல் அமுங்குவதற்கு.

சண்டை வந்தது கலங்கலில்தான். எங்கள் ஓடைக்குத் தண்ணீர் தருகிற சரிவு சுமார் 60 ஏக்கர். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை கொட்டி அதில் பத்தில் ஏழு பங்கு ஓடி வந்தால் நொடிக்கு 4,700 லிட்டர். பழைய கலங்கல் கரை மட்டம்வரை நிரம்பி ஓடினாலும் 1,450தான் போகும், அதுவும் வலை இல்லாமல். ஆகவே அகலத்தை 15 அடியாக்க வேண்டும், மட்டத்தையும் 2 அடி இறக்க வேண்டும் என்றார். 2 அடி இறக்கினால் கொள்ளளவில் கால்வாசி போய்விடும். அம்மாவுக்கு ஆறவே இல்லை. "ஒங்கப்பா சேத்து வச்ச தண்ணிய ஓடையில விடுறதுக்கு அந்த ஆளுக்கு இட்லி வேற" என்று நாலு நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லாத காலத்தில் இப்படி ஒரு பைத்தியமா என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த வருடம் ஏப்ரலில் தெளிப்பானுக்குத் தண்ணீர் பத்தவில்லை என்பதும் உண்மை. நான் அதை மறைக்கப்போவதில்லை.

பலா மட்டும் இன்னும் நிற்கிறது. சிறு செடிகளை வேரோடு எடுத்துவிட்டோம். பலாவை வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டால் வேர் மக்கி அதுவே குழாயாகிவிடும். முழுதும் எடுப்பதென்றால் குளத்தை வற்றவிட்டு, கரையை வெட்டித் திறந்து மறுபடி இறுக்க வேண்டும். அம்மா அதன் அடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்னைத் தூக்கிப் போட்டுட்டு வெட்டு" என்கிறார். வருடத்துக்கு நாற்பது பழம், சும்மா இல்லை. சாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, பழம் வாங்கிக்கொள்கிறார்.

இப்போது டேமுக்கு ஒரு நோட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கசிவுத் தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எத்தனை நொடி என்று செல்போனில் பார்த்து, பக்கத்திலேயே குளத்து மட்டத்தையும் எழுதுவேன். மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், அது சரிதான். மட்டம் அப்படியே இருந்து கசிவு மட்டும் கூடினால் சாரைக் கூப்பிட வேண்டும். 48 நொடி, 51, 50 என்று இருக்கிறது. டம்ளர் அடியில் எதுவும் படிவதில்லை. கீழே 14 வீட்டுக்காரர்களின் நம்பரும் முதல் பக்கத்தில் எழுதி இருக்கிறது. மழை நாளில் தாத்தா பாட்டிலைப் பிடித்துவிட்டுப் போன் செய்வார். அவருக்கு நொடி பார்க்கத் தெரியாது. "ஐம்பது எண்ணுறதுக்குள்ள நெறஞ்சிருச்சு பாப்பா" என்பார்.

போன மாதம் வலது தோள் பக்கம், மலையும் கரையும் சேர்கிற இடத்தில், ஒரு பாய் அளவுக்குப் புல் மட்டும் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருப்பதைப் பார்த்தேன். மிதித்தால் கால் லேசாக அமுங்குகிறது, தண்ணீர் வரவில்லை. ஓரம் நெடுக எட்டுக் குச்சி நட்டுவைத்தேன், பச்சை வளர்கிறதா என்று பார்க்க. இந்த ஞாயிறு போனால் காட்டுமாடு மிதித்து ஐந்து குச்சி சாய்ந்து கிடந்தது. மறுபடி நட்டுவிட்டு, சாரிடம் சொல்லியிருக்கிறேன். வருவதற்குள் புல்லை அறுத்து வைக்க வேண்டும்.